பெயர் இல்லாத வரி

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இருக்கா அக்கா' என்போம். பேனா வேண்டுமென்றால் "பேனா கொடு" என்று கேட்கமாட்டார், "பேனா இருக்கா?" என்பார். ஃப்ளாஸ்க்கில் டீ இருக்கா, குழாயில் தண்ணீர் இருக்கா, மேனேஜர் அறையில் ஆள் இருக்கா. இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் கையை நீட்டுவார். நாற்காலியைப் பார்க்காமல் உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது.

மெத்தைக் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்கள். ஒரு பெரிய மருத்துவமனைக்கு, எந்தக் கட்டிலில் யார், என்ன மருந்து, என்ன சாப்பாடு என்று கணக்கு வைக்கும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதுதான் முக்கால்வாசி வேலை. எழுதுவது அக்கா. எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது நான். குறை சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்வதாகப் புகார் உண்டு. மற்றவர்கள் எழுதியதில் உட்கார்ந்த இடத்திலேயே நாலு ஓட்டை காட்டிவிடுவேன். அக்கா எழுதியதில் ஒன்று காட்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அந்தக் கடுப்பு எனக்கு நிரந்தரமாக உண்டு.

காரணம், அந்த 'இருக்கா'தான். ஒரு வார்டின் கட்டில்களை நிரலுக்குள் ஒரு வரிசையாக வைத்திருப்போம். அரே என்பது எங்கள் பாஷை. கட்டிலுக்கு ஓர் எண், எண்ணுக்கு எதிரே நோயாளியின் பெயர். நோயாளி வீட்டுக்குப் போனால் அந்த எண்ணையே வரிசையிலிருந்து எடுத்துவிடுவோம். ஆகவே எந்த எண்ணைத் தொடுவதற்கு முன்பும் அது வரிசையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லாத ஒன்றைத் தொட்டால் நிரல் குப்புற விழும். எங்கள் மொழியில் இதைக் கேட்க இரண்டு வழிகள். சின்ன வழி, எல்லாரும் பழக்கத்தில் எழுதுவது: அந்த இடம் இருந்து, அதற்குள் ஏதாவது இருந்தால்தான் 'ஆமாம்' என்று சொல்லும். பெரிய வழி, உள்ளே என்ன என்று பார்க்காது. இடம் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. அக்கா எப்போதும் பெரிய வழி. நாலு எழுத்து மிச்சம் பிடிக்கலாமே என்று நான் கிண்டல் செய்வேன். "ரெண்டும் வேற கேள்வி. வேற கேள்வி கேட்டா வேற பதில்தான் வரும்," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். அப்பா அம்மா போனபோது தம்பி கைக்குழந்தை இல்லை, ஆனால் தானாகத் தலை வாரிக்கொள்ளும் வயதும் இல்லை. அக்காதான் ஆளாக்கினார். அவனுக்குப் படிப்பு மட்டும் ஏறவில்லை. எழுத்துகள் அவன் கண்ணுக்கு ஓர் இடத்தில் நிற்காது. மக்கு என்று பள்ளிக்கூடம் முத்திரை குத்தியது, அவனும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று கிளம்பி வந்துவிட்டான். இப்போது மரச்சாமான் கடையில் வேலை. பீரோவை முதுகில் கட்டி மாடிப்படி ஏற்றுவதில் மன்னன். சில சாயங்காலம் அக்காவைக் கூட்டிப் போக வருவான். "எங்கக்கா நாள் முழுக்கப் பீரோவில சாமான் இருக்கான்னு பார்க்குது. நான் அதே பீரோவைத் தூக்கறேன். யார் வேலை கஷ்டம், நீங்களே சொல்லுங்க," என்பான். அரேயை அவனுக்குப் புரிய வைக்க அக்கா என்றைக்கோ பீரோவை உதாரணம் காட்டியிருக்கிறார். அதை விடவே மாட்டான்.

அவனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் வந்து உட்கார்ந்து, எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பெண்ணின் மாமா மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார். ஏதோ படித்தான், பாதியில் விட்டான் என்று மழுப்பியிருக்கலாம். ஊரில் யார்தான் மழுப்பவில்லை. அக்கா, "எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். எழுத வராது. கையெழுத்து மட்டும் போடுவான்," என்று சொல்லிவிட்டார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வந்தவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்கள்.

"நீ எனக்கு அக்காவா, ஆடிட்டரா?" என்று கேட்டானாம் தம்பி.

"நாளைக்குத் தெரிஞ்சா அந்தப் பொண்ணு அழாதா?" என்று இவர் கேட்டிருக்கிறார்.

"இப்ப நான் அழறேனே, அது கண்ணுல படலையா உனக்கு?"

செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் அக்கா மறுநாள் என்னிடம் சொன்னபோது வழக்கமான குரலில்தான் சொன்னார். கடையில் கேட்டேன், வரவில்லை. சிநேகிதர்களைக் கேட்டேன், தெரியவில்லை. போன் அணைந்திருக்கிறது. கோபம் தணிந்தால் வந்துவிடுவான், என்றார். நானும் தலையாட்டினேன்.

அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அக்கா காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். பேருந்து நிலையத்தில் போய் நின்றார். அவன் பழகிய ஒவ்வொரு டீக்கடையாக ஏறி இறங்கினார். பிணவறைக்கும் போய் வந்தார். அன்று அலுவலகத்துக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். சோப்பைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் அவரை உட்கார வைக்க முடிந்தது. தலை சீவாமல் வருகிறார், மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே திரும்ப எடுத்துப் போகிறார். எங்கள் மேனேஜருக்கு எல்லாமே அவசரம், அதனால் அர்ஜென்ட் என்று பெயர். அந்த அர்ஜென்ட்டே அவர் மேசைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனார்.

எங்கள் மென்பொருள் ஓடும் அந்தப் பெரிய மருத்துவமனைக்கும் முதலிலேயே போயிருந்தார். விசாரணை மேசையில் இருந்தவரிடம் தம்பி பெயரைச் சொல்லியிருக்கிறார். அவர் தட்டிப் பார்த்து இல்லை என்றார். பெயர் தெரியாமல் யாரையாவது சேர்த்திருக்கிறீர்களா என்று அக்கா கேட்டிருக்கிறார். அவர் வார்டுப் பட்டியல்களைத் திரையில் ஓடவிட்டார். பிறகு திரையை அக்கா பக்கம் திருப்பிக் காட்டியிருக்கிறார் அந்த மனிதர். "பாருங்கம்மா, அப்படி யாருமே இல்லை."

"வார்டுக்குள்ள போய்ப் பாக்கலையா?" என்று கேட்டேன்.

"பாஸ் இல்லாம விடமாட்டாங்க. நோயாளி பேரு இருந்தாத்தான் பாஸ்."

"சண்டை போடுறதுதானேக்கா."

"எதுக்கு? ஸ்கிரீன்ல இல்லையே. அது நம்ம ஸ்கிரீன். நான் எழுதினது."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. வேறு எந்த அக்காவாக இருந்தாலும் காவலாளியின் சட்டையைப் பிடித்திருப்பார். வாசலில் புரண்டு அழுதிருப்பார். நாலு பேர் கூடி, யாராவது ஒரு புண்ணியவான் உள்ளே விட்டிருப்பான். இவர் மட்டும் திரையைப் பார்த்தார், நம்பினார், நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்கப்புறமும் தினமும் காலையில் அந்த மேசைக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதரும் தினமும் பட்டியலைப் பார்த்து, யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். "உசுரோட இருந்தா ஏதாவது ஒரு எடத்துல இருக்கணும்ல," என்றார் ஒருநாள் என்னிடம். "எங்க தேடினாலும் இல்லைன்னா, அப்ப என்ன அர்த்தம்?" அவர் கண்ணைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் மருத்துவமனையிலிருந்து ஒரு புகார் வந்தது. ஆண்கள் அறுவைப் பிரிவு நர்ஸ் ஒருவர் எழுதியிருந்தார். வாயால் சாப்பிட முடியாதவர்களுக்குக் குழாய் வழியாகத் திரவ உணவு கொடுப்பார்கள். 'எங்க வார்டுக்குத் தினமும் ஒரு ஆளோட திரவ உணவு குறையுது. கிச்சன்ல கேட்டா ஸ்கிரீன்ல அந்தக் கட்டிலே இல்லைங்கறாங்க. கட்டில் என் கண்ணு முன்னாடி இருக்கு. மத்தவங்களோடதுல மிச்சம் பிடிச்சு ஊத்திக்கிட்டிருக்கேன். சீக்கிரம் ஏதாவது செய்ங்க.'

அர்ஜென்ட் அக்காவின் மேசைக்கு இரண்டு அடி தள்ளி நின்றார். "உங்க மனசு சரியில்லைன்னு தெரியும்மா. ஆனா இது கொஞ்சம்…"

"பரவாயில்லை சார், குடுங்க. சும்மா உக்காந்தா தலை வெடிச்சிடும்."

நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அக்கா அந்த வார்டின் வரிசையைத் திறந்தார். எண், பெயர். எண், பெயர். கீழே வந்துகொண்டே இருந்தவர் ஓர் இடத்தில் நின்றார். எண் இருந்தது. எதிரே ஒன்றும் இல்லை.

"காலி கட்டில்," என்றேன்.

"காலின்னா எண்ணே இருக்காது." அக்காவின் குரல் மாறியிருந்தது. திரை கேட்கும் அதே கேள்வியைத் தட்டச்சு செய்து, இந்த எண் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. அதையே பெரிய வழியில் கேட்டார். இருக்கிறது என்று வந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச காலத்துக்கு முன்பு மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து அர்ஜென்ட்டுக்கு ஒரு கோரிக்கை வந்திருந்தது. திரையில் அங்கங்கே பெயர் இல்லாமல் வெறும் வரி வருகிறது, பெரிய மனிதர்கள் வந்து பார்க்கும்போது அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று. பதிவு செய்கிறவர்களின் சோம்பேறித்தனம் என்றுதான் எல்லாருமே நினைத்தோம். அடிபட்டு வருகிறவர் யார் என்று தெரியாவிட்டால் பெயர் இடத்தைக் காலியாக விட்டுவிடுவது அவர்கள் வழக்கம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அர்ஜென்ட் நச்சரித்தார். அக்கா அந்தத் திரையில் மட்டும், தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, பெரிய வழியை எடுத்துவிட்டுச் சின்ன வழியை வைத்தார். வெறும் வரிகள் மறைந்தன. நிர்வாகம் பாராட்டிக் கடிதமே அனுப்பியது. அன்றிலிருந்து அந்த மருத்துவமனையில் பெயர் தெரியாதவர் என்று ஒருவர்கூட இல்லாமல் போனார்.

அக்கா அந்தக் கட்டிலின் மற்ற விவரங்களைத் திறந்தார். ஆண். வயது முப்பது இருக்கலாம். சாலை விபத்து. தாடையில் முறிவு, வலது கையில் முறிவு. சேர்த்த தேதி, பெண் வீட்டார் வந்த அன்று.

"யாரா வேணும்னாலும் இருக்கலாம்கா," என்றேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயம்.

அவர் காதில் வாங்கவில்லை. அந்த ஒரு வரியை மாற்றிப் பழையபடி பெரிய வழியை வைத்து, நேரே மருத்துவமனைத் திரைக்கு ஏற்றிவிட்டார். என்னிடம் சோதிக்கக் கொடுக்கவில்லை. இருக்கிறதா என்று எதையுமே பார்க்கவில்லை. திரையில் வெறும் வரிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. இந்த வார்டில் ஒன்று, பெண்கள் வார்டில் ஒன்று, முதியோர் பிரிவில் வரிசையாகச் சில. அக்கா அதற்குள் படி இறங்கிக்கொண்டிருந்தார்.

என் வண்டியில்தான் போனோம். வழியெல்லாம் அவர் என் தோளைப் பிடித்திருந்த பிடியில் சட்டை கிழிந்துவிடும் போலிருந்தது. மருத்துவமனை வாசலில் காவலாளி பாஸ் கேட்டார். அக்கா அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். சண்டையை நான் போட்டேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது அக்கா வார்டு வாசலில் நர்ஸுக்கு முன்னால் நின்றிருந்தார். சுவரோரமாக ஒட்டிப் போட்டிருந்த கடைசிக் கட்டிலில் அவன் தெரிந்தான். வீங்கிய முகம், மூக்கில் குழாய், பல்லைச் சேர்த்துக் கட்டிய கம்பி, வலது கை முழுக்க மாவுக்கட்டு. பீரோ தூக்கும் உடம்பு பாதியாகியிருந்தது. அவன்தான்.

"நீங்க யாரும்மா?" என்றார் நர்ஸ்.

"அக்கா. கூடப் பிறந்த அக்கா."

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "யாருமில்லைன்னாரே."

"பேசினானா?"

"எங்க பேசறது. தலையாட்டுவாரு. நினைவு வந்தன்னிக்கு வீட்ல யாராவது இருக்காங்களான்னு கேட்டேன், ஆமான்னு ஆட்டினாரு. யாருன்னு சொல்ல வாயும் இல்லை, எழுதக் கையும் இல்லை. இடது கையில பேனாவைக் குடுத்தா தூர வச்சிட்டாரு. விசாரணை மேசைக்கு யாராவது தேடி வருவாங்கன்னு அவர்கிட்ட சொல்லி வச்சேன். பாவம், கதவு தொறக்கற சத்தம் கேட்டா போதும், தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாரு. அப்புறம் அதையும் விட்டுட்டாரு. முந்தாநாள் மறுபடியும் கேட்டேன், யாராவது இருக்காங்களான்னு. இல்லைன்னு ஆட்டிட்டாரு."

அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "டேய்," என்றார்.

அவன் கண்ணைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அக்காவின் காதருகில் குனிந்து, "சிஸ்டம்ல கோளாறுன்னு சொல்லிடுங்கக்கா. அதுல பொய் ஒண்ணும் இல்லையே," என்றேன்.

"கோளாறு இல்லை," என்றார் அக்கா, என்னைப் பார்க்காமலே. "எழுதினபடிதான் அது செஞ்சுச்சு."

அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். "உன்னைத் தேடினேன்டா. இங்கயும் வந்தேன். கீழே, அந்த மேசை வரைக்கும் வந்தேன். பேரில்லாத வரியெல்லாம் அசிங்கமா இருக்குன்னு சொன்னாங்க, நான்தான் எடுத்தேன். நான் எழுதினதே என்கிட்ட நீ இல்லைன்னு சொல்லிச்சு. நான் நம்பிட்டேன். மேல ஏறி வந்து பார்த்திருக்கணும். பார்க்கலை. தினமும் போன் போட்டேன், தினமும் நம்பினேன்." குரல் உடைந்துவிட்டது. அக்கா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அவன் அசையவில்லை. கேட்டானா, புரிந்ததா, ஒன்றும் தெரியவில்லை. வழக்கமாக ஒரு பீரோ ஜோக் சொல்கிறவனுக்கு வாயைக் கம்பியால் கட்டியிருந்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். குனிந்து கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். சக்கரம் துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. "என்னம்மா செய்றீங்க, பேஷண்ட் இருக்காரு," என்று நர்ஸ் ஓடி வந்தார். அக்கா விடவில்லை. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கும் அளவுக்கு இடம் கிடைத்ததும் அதற்குள் புகுந்து, முதுகு சுவரில் தேய, அவன் முகத்துக்கு நேரே போய் நின்றார்.

மாவுக்கட்டுப் பக்கம் திரும்ப அவனால் முடியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான்.

"மூடிக்கோ," என்றார் அக்கா. "நான் நிக்கறேன்."

அவன் இடது கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்தது. அக்காவின் வயிற்றில் வைத்துத் தள்ளினான், போ என்று. அதில் பலமே இல்லை. ஒரு குழந்தை தள்ளினால் இதைவிட வேகமாக இருக்கும். அக்கா நகரவில்லை. மறுபடி தள்ளினான். அவன் இன்னொரு தடவை தள்ளினான். தள்ளிய கையை எடுக்கவில்லை. அது அக்காவின் புடவையைப் பற்றிக்கொண்டு அங்கேயே இருந்தது.